பஹின்ன

சிங்களத்தில் நான் அறிந்த முதற்சொல் 'பஹின்ன' என்பதாகும். அதை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், களுவாஞ்சிகுடியிலிருந்து அம்மாவோடு கொழும்புக்குப் போன ஒவ்வொரு பயணத்திலும், பேருந்து சோதனைச் சாவடியில் நின்றதும் கதவருகே ஒரு குரல் அச்சொல்லைச் சொல்லும். உடனே எல்லோரும் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, தடுப்புக்கு அப்பால் நடந்துபோய் மீண்டும் ஏறுவார்கள். "இறங்கு மனே, கைய உட்டுராத" என்று அம்மா மெல்லச் சொல்லுவார். அந்தக் குரலுக்கும் அம்மாவின் கையில் ஏறும் இறுக்கத்துக்கும் இடையே இருந்த தொடர்பிலிருந்துதான் அச்சொல்லின் பொருளை நான் அறிந்துகொண்டேன். பிறகு பல ஆண்டுகள், சிங்களம் என்றால் எனக்கு அந்த ஒரு சொல்தான்.

இரண்டாவது முகம் தபாலில் வந்தது. அப்பா ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், காணி தொடர்பாக ஓர் அலுவலகத்திலிருந்து முழுக்க முழுக்கச் சிங்களத்தில் அச்சிட்ட கடிதம் ஒன்று அவருக்கு வந்தது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றப்பட்டதும், 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியதும் அப்பாவுக்குத் தெரியாதவையல்ல. அவற்றைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனாலும் கடிதம் கடிதமாகவே கையில் இருந்தது. அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்த, கொழும்புப் புறக்கோட்டையோடு முப்பது வருடம் வியாபாரம் செய்த ஒரு காக்காவிடம் போனார்; மூத்த முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். நானும் கூடப் போயிருந்தேன். காக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் நான்கு வரிகளை வாசித்தார், நிறுத்தினார், மறுபடி வாசித்தார். "மாஸ்டர், நான் பேசுற சிங்களம் வேற, இது எழுதுற சிங்களம்" என்றார். கடிதம் அங்கிருந்து இன்னொருவரிடம் போய், மூன்றாம் நாள்தான் அதன் பொருள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அன்று அப்பா பட்ட சிறுமை இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது. ஆனால் காக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியம், ஒரு மொழிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன என்பதை எனக்கு முதன்முதலில் சொல்லிவைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அம்பாறையில் சிங்கள வகுப்பில் அமர்ந்தபோது அதன் முழுப்பொருள் புரிந்தது. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவதில்லை: நான், நீ, அவர் என்று யார் போனாலும் 'யனவா' தான். எழுத்துச் சிங்களத்திலோ எழுவாய்க்குத் தக வினைமுற்று திரிகிறது. 'நான் போகிறேன்' என்பது 'மம யமி' ஆகிவிடுகிறது. அப்பாவின் கடிதம் 'தன்வா சிட்டிமி' என்று முடிந்திருந்தது. அதைச் சிங்களவரில் எவரும் தம் வீட்டில் பேசுவதில்லை. 'இத்தால் அறியத்தருகின்றேன்' என்று நாங்கள் அலுவலகத்தில் எழுதுகிறோமே, அதையும் எந்தத் தமிழ்த் தாயும் தன் பிள்ளையிடம் சொல்வதில்லை. ஆட்சியின் மொழி இரு பக்கத்திலும் குடிமக்களிடமிருந்து ஒரே அளவு தள்ளியே நிற்கிறது; எங்கள் பக்கத்தில் அந்தத் தூரத்துக்கு மேல் இன்னொரு தூரமும் சேர்ந்திருந்தது.

நான் சிங்களம் படிக்கப் போனதற்குக் காரணம் ஆர்வம் என்று சொன்னால் அது பொய்யாகும். 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்துக்குள் இரண்டாவது ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை எனக்கும் பொருந்தியது. கமநல சேவையில் வேலை. அம்பாறை மாவட்டத்தின் உட்புறத்தில் பணியிடம். அங்கு வயற்காரர்களில் பெரும்பாலோர் சிங்களவர்கள். எங்கள் திணைக்களத்தின் பெயர்ப்பலகையே எனக்கு ஒரு பாடமாக இருந்தது: தமிழில் அது 'கமநல' சேவை, அதாவது பயிர்த்தொழிலின் நலம், சிங்களத்தில் 'கொவிஜன' சேவை, அதாவது உழவர் மக்கள். ஒரே கட்டடத்தின் பலகையில் ஒரு மொழி தொழிலைப் பார்க்கிறது, மற்ற மொழி ஆளைப் பார்க்கிறது.

வகுப்பின் மூன்றாவதோ நான்காவதோ வாரத்தில் ஏவல் வடிவங்களுக்கு வந்தோம். ஆசிரியை கரும்பலகையில் மூன்று படிகளை எழுதினார். 'ன்ன' என்று முடிவது மரியாதையானது, முன்பின் தெரியாதவரிடமும் மூத்தவரிடமும் சொல்லத்தக்கது. 'பன்' என்பது நெருக்கமானவரிடமும் கீழாகக் கருதப்படுபவரிடமும் வருவது. 'பிய' என்பது அதற்கும் கீழே. எடுத்துக்காட்டாக அவர் எழுதிய வினை 'பஹினவா', இறங்குதல். பஹின்ன, பெஹெபன், பெஹெபிய. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இருபது வருடம் நெஞ்சில் கல்லாய்க் கிடந்த அந்தச் சொல் இலக்கணப்படி மரியாதைச் சொல். 'இறங்குங்கோ' என்பதற்குச் சமமானது. 'பெஹெபன்' என்ற வடிவத்தையும் நான் கேட்டிருக்கிறேன் என்பது அதன் ஒலியைக் கரும்பலகையில் பார்த்தபோதே நினைவுக்கு வந்தது. சில நாட்களில் ஒரு சொல்லும் சில நாட்களில் மற்றதும் சொல்லப்பட்டிருக்கின்றன. எட்டு வயதில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அந்தக் கதவருகே நின்றவர்களில் எவர் மரியாதையோடு பேசினார், எவர் பேசவில்லை என்பதைப் பிரித்தறியும் வழி அன்று எனக்கு இல்லாமற்போயிற்று. மரியாதையாகச் சொன்னாலும் இறங்கித்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். உண்மைதான், இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அம்மா இருந்தபோதே எனக்கு இது தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு அந்த வினைச்சொல் என்னை விடவில்லை. பேருந்தில் ஏறுவது 'நகினவா', இறங்குவது 'பஹினவா'. பொழுது சாய்வதும் 'இர பஹினவா', சூரியன் இறங்குதல். மேற்குத் திசைக்குச் சிங்களத்தில் 'பஸ்னாஹிர' என்று பெயர். அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இறங்கும் ஞாயிறு. கிழக்கு 'நெகெனஹிர', எழும் ஞாயிறு. மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. வாவிக்கு ஒரு புறம் எழுவான்கரை, மறு புறம் படுவான்கரை என்று பொழுது எழுவதையும் படுவதையும் வைத்துத்தானே எங்கள் ஊரையே நாங்கள் இரண்டாகப் பகுத்துச் சொல்கிறோம். கிழக்கு மாகாணம் என்று தமிழில் எழுதும்போது தெரியாத எழுவான், சிங்களத்தில் 'நெகெனஹிர பளாத்த' என்று வாசிக்கும்போது வெளியே வந்து நின்றது. ஊரின் பெயரும் இப்படித்தான். 'மடகளபுவ' என்று அவர்கள் சொல்லும்போது முதற்பாதியில் சேற்றைக் கேட்கிறார்கள், நாங்கள் மட்டத்தைக் கேட்கிறோம். களப்பு இருவருக்கும் களப்புத்தான்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மொழியைக் கற்றுவிட்டால் பகை தீர்ந்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. அப்பாவின் கடிதத்தை எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் அவர் அதைச் சிங்களத்திலேயே அனுப்பியிருக்கக்கூடும். மொழி எனக்குச் செய்தது வேறொன்று. ஒரு சமூகத்தை ஒரே முகமாக நினைத்து வெறுப்பதையோ, ஒரே முகமாக நினைத்து மெச்சுவதையோ அது இயலாததாக்கிவிட்டது. சிங்களத்தை எனக்குச் சொல்லித்தந்த ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலைத்தான் திறந்தார்கள். இன்னொருவருடைய வாசல் அவர்களிடம் இல்லை.

விகாரையின் வாசல் தனியானது. பிக்குமாரிடம் பேசும்போது அன்றாட வினைச்சொற்கள் பல செல்லாது. நாங்கள் உண்பது 'கனவா', அவர்கள் உண்பது 'வளந்தனவா'. நாங்கள் உறங்குவது 'நிதாகன்னவா', அவர்கள் 'செதபெனவா'. அவர்கள் வருவதும் போவதும் 'வடினவா'. தமிழ்ச் செவிக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. எங்களிடம் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது: வந்தான், வந்தார், வந்தாங்க என்று ஈற்றை மாற்றினால் போதும், வேர் அசைவதில்லை. பேச்சுச் சிங்களத்தின் வினைக்கு அந்த வால் இல்லாததால், மரியாதை வேருக்கே போய்விடுகிறது. யோசித்துப் பார்த்தால் இதற்கு நிகர் எங்களிடமும் இருக்கிறது, ஆனால் மனிதருக்கு அதை நாங்கள் கொடுப்பதில்லை. அம்மன் வருவதில்லை, எழுந்தருளுகிறாள். துறவிக்கும் தெய்வத்துக்கும் இடையே ஒவ்வொரு சமூகமும் எங்கே கோடு கிழிக்கிறது என்பதை, பத்துப் புத்தகம் படித்து அறிவதைவிட இந்த நான்கைந்து வினைச்சொற்களில் விரைவாகக் கண்டுகொண்டேன். அலுவலகத்துக்கு ஒரு பிக்கு முதன்முறையாக வந்தபோது 'வாருங்கள்' என்று பொருள்படும் 'என்ன' என்று, எல்லோரையும் வரவேற்கும் சிங்களச் சொல்லால், நான் வரவேற்றுவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த சக ஊழியர்தான் எழுந்து நின்று, மெதுவாக, 'வடின்ன ஹாமுதுருவனே' என்று என் வாக்கியத்தைத் திருத்தி முடித்தார்.

உறவின் வாசலில் எனக்கு அந்நியமே தெரியவில்லை. அம்மா, அக்கா, மாமா என்பன அங்கும் அவையே, தங்கை 'நங்கி'. தாயின் தமக்கை பெரிய தாய், 'லொகு அம்மா'. தாயின் தங்கை சிறிய தாய், 'புஞ்சி அம்மா'. தாயின் சகோதரியும் தந்தையின் சகோதரியும் ஒரே சொல்லுக்குள் வரமாட்டார்கள். தந்தையின் சகோதரி 'நெந்தா', அவளுடைய மகன் 'மஸ்ஸினா', எங்களுக்கு மச்சான். மொழிநூலார் சிங்களத்தை இந்தோ ஆரியக் குடும்பத்தில் வைக்கிறார்கள், அது சரிதான். ஆனால் யாரை மணக்கலாம், யாரை மணக்கக்கூடாது என்று வீட்டுக்குள் எழும் கேள்விக்கு அம்மொழி எங்களைப் போலவே விடை சொல்கிறது. ஒரு சொல் மட்டும் என்னைத் தடுமாற வைத்தது. 'ஐயா' என்றால் அவர்களுக்கு அண்ணன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திருமணப் பத்திரம் ஒன்றைப் பார்த்தபோதுதான் 'பஹினவா' மறுபடி வந்தது. கண்டிப் பகுதியிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வயல் உரிமை விடயமாக அதைப் பார்க்க நேர்ந்தது. கண்டியச் சட்டப்படி பதிவாகும் மணம் 'தீக' என்றோ 'பின்ன' என்றோ குறிக்கப்பட வேண்டும். பெண் புகுந்த வீடு போனால் தீக. ஆண் பெண் வீட்டுக்கு வந்து இருந்தால் பின்ன. அந்த வீட்டு அம்மா தம் கணவரைக் காட்டி 'பின்ன பெஸ்ஸா' என்றார், அதாவது பின்னவில் இறங்கினார். வண்டியிலிருந்து இறங்குவதுபோல மாப்பிள்ளை பெண் வீட்டில் இறங்குகிறார். அவர் அதைச் சற்றுத் தயக்கத்தோடு சொன்னார்; அவர்கள் ஊரில் அது ஆணுக்குப் பெருமை சேர்க்கும் மணமாகக் கருதப்படுவதில்லை என்று புரிந்தது. எங்கள் பக்கத்தில் எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. மட்டக்களப்பில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வரும், கோயிலில் யாருக்கு எந்த முறை என்பதையும் குடியே தீர்மானிக்கும். தமிழரிடம் மட்டுமன்றிக் கிழக்கின் முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் உண்டு என்று விளக்கினேன். கணவர் அதுவரை பேசாமல் இருந்தவர். "அப்படியானால் நான் உங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டும்" என்று சொல்லி எழுந்துபோய் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார்.

வைகாசிச் சடங்கு நெருங்கும் நாட்களில் பேச்சு கண்ணகிக்குத் திரும்பும். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் நாங்கள் குளிர்த்தி பாடி வணங்கும் அம்மன் அவர்களுக்குப் பத்தினி தெய்யோ. கோவலன் அங்கே 'பாலங்க'. எங்கள் கொம்புமுறி அவர்களுடைய 'அங்கெளிய'. 'அங்' என்றால் கொம்பு, 'கெளிய' விளையாட்டு. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளைக் கொளுவி இழுத்து, ஒன்று முறியும்வரை விடாமல் நின்று, வென்றவர் தோற்றவரை வசை பாடும் அதே முறை அங்கும் இருந்திருக்கிறது. அவர்களிடம் 'உடுபில', 'யட்டிபில', மேலணி, கீழணி. அம்மை போட்டால் எங்களுக்கு அம்மாள் வருத்தம், அவர்களுக்குத் தெய்வத்தின் நோய், 'தெய்யன்கே லெடே'. இதையெல்லாம் நூல்களில் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் அறிந்தது ஒரு பெண் தன் பிள்ளைக்கு அம்மை என்று விடுப்புக் கேட்டபோது குரலைத் தாழ்த்திய விதத்திலிருந்து. என் அம்மாவும் அந்தப் பேச்சை அப்படித்தான் தாழ்ந்த குரலில் பேசுவார்.

இனி அந்த 'ஐயா'. எழுபதைக் கடந்த ஒரு வயற்காரர் எங்கள் நிலையத்துக்கு அடிக்கடி வருவார். 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றுக் கேகாலைப் பக்கத்திலிருந்து வந்த பெற்றோரின் மகன். கல்லோயா என்று இன்று எல்லோரும் சொல்லும் ஆற்றை எங்கள் முதியவர்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள். நான் அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் அதைக் கேட்டிருந்ததாகச் சொன்னார். யாரிடம் என்று கேட்டேன். கரையோரத்திலிருந்து மாட்டு வண்டியில் கருவாடும் தயிரும் கொண்டுவந்து, சோளமும் தேனும் மாற்றிப்போன ஒரு தமிழரைப் பற்றிச் சொன்னார். வந்தால் சிறுவனான அவர் கையில் ஒரு பிடி கஜு வைப்பாராம். கதை முழுவதும் அவரை 'ஏ ஐயா' என்றே சொன்னார். முதலில் அது எனக்கு 'அந்தப் பெரியவர்' என்று கேட்டது. பிறகுதான் அவர் அண்ணன் என்கிறார் என்பது உறைத்தது.

அதைவிட ஆழமாக இறங்கியது அந்த 'ஏ'. சிங்களத்தில் சுட்டு நான்கு. என் அருகில் இருப்பது 'மே'. உன் அருகில் இருப்பது 'ஒய'. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றும் சுட்டு என்கிறதே, அதில் எங்கள் பேச்சு ஏறக்குறைய இழந்துவிட்ட, யாழ்ப்பாணத்தார் இன்னும் 'உது' என்று காத்துவைத்திருக்கும் உகரத்தின் இடம் அது. இருவருக்கும் எட்ட, ஆனால் கண்ணுக்குத் தெரிவது 'அர'. கண்ணுக்கு முன்னில்லாதது, பேச்சில் மட்டும் இருப்பது 'ஏ'. தமிழில் 'அந்த' என்ற ஒரு சொல் தெருமுனையில் நிற்பவருக்கும், இனி வராதவருக்கும் போதும். அவர்களுக்குப் போதாது. ஒவ்வொரு முறை அந்த வண்டிக்காரரைச் சொல்லும்போதும், அவர் இங்கில்லை என்பதையும் அம்மொழி சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தது. 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர்மீது நடந்த வன்செயல்களுக்குப் பிறகு வண்டி வரவில்லை. தந்தையிடம் கேட்டாராம், தந்தை விடை சொல்லவில்லையாம். 'மட்ட எண்டுணா' என்றார். 'நான் அழுதேன்' என்பதற்கு நேர்ச்சொல் 'மம எண்டுவா'. இவர் சொன்னது 'எனக்கு அழுகை வந்துவிட்டது'. தானாகச் செய்வதற்கும் தன்னை மீறி நிகழ்வதற்கும் சிங்களம் வினைச்சொல்லையே மாற்றிவைத்திருக்கிறது. வகுப்பில் அந்த அட்டவணையை நான் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருந்தேன். அதன் பயன் அன்றுதான் தெரிந்தது.

அவரே எனக்குக் களத்துச் சொற்களையும் சொல்லித்தருகிறார். நெல் மிதிக்கும் களம் 'கமத'. களத்துக்குள் பேசுவதற்கு மட்டும் ஒரு தனிப் பேச்சு, 'கமத் பஸ'. வீட்டில் மாட்டைச் சொல்லும் சொல்லைக் களத்தில் சொல்லக்கூடாது. அங்கே அது 'அம்பருவா'. நெல்லுக்கும் அன்றாடப் பெயரான 'வீ' ஆகாது. பெயர் சொன்னால் கண்ணுக்குத் தெரியாதவை கேட்டு விளைச்சலைக் கொண்டுபோய்விடும் என்ற அச்சம். இப்போது வெட்டும் இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துப் பையில் கொட்டிவிடுகிறது, களமும் இல்லை, மாடும் இல்லை. தன் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் தெரியாது என்றார். பிறகு, "உங்கள் ஆட்கள் களத்தில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் சொந்த மொழியில், என் தாய்மாமன் வாழ்நாள் முழுவதும் செய்த தொழிலில், அது எனக்குத் தெரியவில்லை. படுவான்கரையில் இருக்கும் மாமாவுக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்து, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தேன். சூடு, அதாவது நெற்கதிர்க் குவியல், மிதிக்கும்போது நெல்லை என்னவென்று சொல்வீங்க என்று கேட்டேன்.

"களத்துக்குள்ள நெல்லு எண்டு சொல்லப்படாது மனே" என்று மாமா பதறினார், இத்தனை வருடத்துக்குப் பிறகும், தொலைபேசியிலும். "பொலி எண்டுதான் சொல்லோணும். பொலி, பொலி எண்டு சொல்லச் சொல்லத்தான் பொலியும்."

முதியவர் முன்னால் குனிந்து தொலைபேசியருகே காதை வைத்துக் கேட்டார். நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். "பொலி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மறுமுனையில் மாமா, "ஆரு மனே அது?" என்றார்.